இரும்பு மோதிரம் (கனடா)

இரும்பு மோதிரம், கனடாவில் பொறியியல் படிப்பை நிறைவு செய்பவர்கள் தொழில் உறுதிமொழி ஏற்று அணிந்துகொள்ளும் மோதிரம். வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் அணியப்படுகிறது. 1925 முதல் வழக்கத்தில் உள்ளது.

பின்னணி

வட அமெரிக்காவில் ஒரே ஆண்டில் படிப்பை முடிப்பவர்கள் ஒரே வடிவில் மோதிரம் அணியும் மரபு உண்டு. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1835-ஆம் ஆண்டு மாணவர்கள் இம்மரபைத் தொடங்கினர். இத்தகைய மோதிரங்கள் பெரும்பாலும் பொன்னாலானவை. கல்லூரியின் பெயரும் சின்னமும் படிப்பை முடித்த ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். அணிந்தவர் எங்கே படித்தார் என்பதை அவை பெருமையுடன் அறிவிக்கின்றன.

கனடாவின் இரும்பு மோதிரத்தில் பெயரோ ஆண்டோ கல்லோ கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் மோதிரம் ஒன்றுதான். அணிந்தவரின் பொறுப்பை அவருக்கே நினைவூட்டுவது இதன் நோக்கம்.

கியூபெக் பாலத்தின் வீழ்ச்சி

இந்த மோதிரத்தைப் பற்றிப் பேசும் எவரும் கியூபெக் பாலத்தைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த அந்த ரயில் பாலம், 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் சரிந்தது. 75 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் 33 பேர் கானவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

பாலத்தின் நடுப்பகுதி நீளம் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டப்பட்டபோது, அதன் சொந்த எடை முறையாகத் திரும்பக் கணக்கிடப்படவில்லை. உருக்குத் தண்டுகள் வளைவதைப் பணியிடத்தில் இருந்தவர்கள் சில வாரங்களாகவே கண்டிருந்தனர். ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். விபத்து நடந்த அன்று தள ஆய்வாளர் அவரை நேரில் சந்தித்து நிலைமையை விளக்கினார். பாலத்தின் மேல் இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் பாலத்தைக் கட்டிய நிறுவனத்துக்குத் தந்தி அனுப்பினார். ஆனால் பணி நிறுத்தப்படவில்லை. அன்று மாலையே பாலம் விழுந்தது.

1916 செப்டம்பர் 11 அன்று, புதிதாகக் கட்டப்பட்ட பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் இறந்தனர். பாலம் 1917-ல் கட்டி முடிக்கப்பட்டது.

சடங்கின் தோற்றம்

1922 ஜனவரி 25 அன்று மாண்ட்ரியலில் கனடியப் பொறியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. மருத்துவர்களுக்கு இருப்பதுபோலப் பொறியாளர்களுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும் என்று டொராண்டோ பல்கலைக்கழகச் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஹால்ட்டெய்ன் அங்கே வலியுறுத்தினார். பின்னர் அதை எழுதித் தரும்படி எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்குக்குக் கடிதம் எழுதினார். பிறருக்காக ஓயாமல் உழைப்பவர்களைப் பற்றி கிப்ளிங் 1907-ல் எழுதிய கவிதை பொறியாளர்களிடையே நன்கு அறியப்பட்டிருந்தது. கிப்ளிங் ஒப்புக்கொண்டு, உறுதிமொழியையும் சடங்கு முறையையும் எழுதி அனுப்பினார்.

முதல் சடங்கு 1925 ஏப்ரல் 25 அன்று மாண்ட்ரியலிலும், அடுத்தது மே 1 அன்று டொராண்டோவிலும் நடந்தது. சடங்கை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ‘ஏழு காப்பாளர்கள்’ என்னும் அமைப்பு. பட்டமளிப்பு விழாவிலிருந்து வேறாக, பொதுமக்களுக்கு விளம்பரம் இன்றி அது நடைபெறும். மாணவர்கள் இரும்பைத் தொட்டபடி உறுதிமொழி ஏற்பர். குடும்பத்தில் மூத்த பொறியாளர் இருந்தால் அவரே மோதிரத்தை அணிவிப்பதும் உண்டு. பழைய சடங்கின் சொற்கள் இன்றைய பொறியாளர்கள் அனைவருக்கும் பொருந்தவில்லை என்ற விமர்சனம் எழுந்ததால், அண்மை ஆண்டுகளில் அதைத் திருத்தும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

வடிவமும் பொருளும்

தொடக்க கால மோதிரங்கள் தேனிரும்பால் ஆனவை. முதல் உலகப் போரில் காயமுற்று டொராண்டோவின் கிறிஸ்டி தெரு ராணுவ மருத்துவமனையில் இருந்த வீரர்கள் அவற்றைக் கையால் அடித்துச் செய்தனர். தேனிரும்பு விரலில் கறையை உண்டாக்கும் என்பதால், இப்போது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு பயன்படுகிறது.

மோதிரத்தின் புறப்பரப்பு சம்மட்டியால் தட்டியதுபோலக் கரடுமுரடாக இருக்கும். அணிய அணிய அது தேய்ந்து வழவழப்பாகும். அனுபவமற்ற இளம் பொறியாளர் நாளடைவில் பக்குவப்படுவதை இது குறிப்பதாகக் கூறுவர். சுண்டுவிரலில் அணிவதால், வரைபடம் வரையும்போதும் கையொப்பமிடும்போதும் மோதிரம் காகிதத்தில் உரசும். கணக்கைச் சரிபார்த்தாயா என்று கேட்கும் உரசல் அது.

பாலத்தின் இரும்பு என்னும் கதை

முதல் மோதிரங்கள் இடிந்த கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்து செய்யப்பட்டவை என்ற கதை கனடா முழுவதும் பரவியுள்ளது. இது உண்மையல்ல. பாலம் உருக்கால் கட்டப்பட்டது, மோதிரங்களோ தேனிரும்பால் ஆனவை. காப்பாளர் அமைப்பும் இக்கதையை மறுத்துள்ளது. எனினும் பொறியாளர் செய்யும் பிழைக்கு வேறு யாரோ உயிரை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதை இக்கதை ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லிவருகிறது.

தொடர்ச்சி

இம்மோதிரம் தொழில் செய்வதற்கான உரிமம் அல்ல. உரிமம் வழங்குபவை மாகாணப் பொறியாளர் சங்கங்கள். உறுதிமொழியை மீறினால் மோதிரத்தின் பெயரால் தண்டனை ஏதும் கிடையாது. அணிந்தவரின் மனசாட்சியை நம்பியே இம்மரபு நிற்கிறது. கனடாவைப் பின்பற்றி அமெரிக்காவிலும் 1970-ல் இதேபோன்ற மோதிரச் சடங்கு ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்டது.