மூடிக்குக் கீழே

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் எஞ்சினைத் திறந்து வைப்பதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். மூலபாடம் எது, பிற்காலத்தார் கைபட்டது எது என்னும் வினா ஏட்டுச்சுவடிகளோடு நின்றுவிடுவதன்று. வார்ப்பிரும்பிலும் அது எழுகிறது. அங்கே எழும்போது மற்றொரு கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது: மூலம் என்பதாலேயே ஒன்று காக்கத் தக்கதாகிவிடுமா?

1969ஆம் ஆண்டின் செவ்ரலே கமாரோவை எடுத்துக்கொள்வோம். நுணுக்கம் பார்ப்போர் இதனைப் ‘போனி கார்’ என்று பிரிப்பர். பெரிய எஞ்சினோடு வந்தவற்றைப் பொதுவழக்கு ‘மசில் கார்’ என்றே சொல்கிறது. 350 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.7 லிட்டர் கொள்ளளவு. எட்டு சிலிண்டர்கள், இருபுறமும் நான்கு நான்காகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வரிசையின் மேலும் ஓர் இரும்புத் தலை; அதன்மேல் தகட்டாலான ஒரு மூடி. இன்று இத்தகைய காரை வைத்திருப்போர் பலர், தொழிற்சாலை தந்த இரும்புத் தலைகளைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் வார்த்து விற்கும் அலுமினியத் தலைகளையும் மூடிகளையும் பொருத்துகின்றனர். மற்றொரு சாராரோ ஒரு போல்ட்டை மாற்றுவதும் பிழை என்பர். இவ்வழக்கைத் தீர்க்க வேண்டுமானால், அந்த இரும்புத் தலை எந்தக் காலத்திற்காக வார்க்கப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

*

சிலிண்டர் ஹெட் என்பதைத் தலை என்றே சொல்லிவிடலாம். செய்யும் வேலையால் அது மூக்கும் ஆகும். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, இரு வழிகளையும் திறந்து மூடும் வால்வுகள், தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக், எரிதல் நிகழும் சிற்றறை ஆகிய யாவும் அங்கேதான் உள்ளன. பிஸ்டன் எவ்வளவு வலியதாயினும், தலை விடும் மூச்சளவே எஞ்சினின் ஆற்றல்.

1932இல் ஃபோர்டு நிறுவனம் மலிவான விலையில் தந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் இம்மூக்கு தலையிலேயே இல்லை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கினுள் இருந்தன. தலை ஏறத்தாழ ஒரு தட்டை மூடிதான். சூடான புகை பிளாக்கின் ஊடே சுற்றி வெளியேறியதால் எஞ்சின் எளிதில் கொதித்தது. ஆயினும் விலை குறைவு. கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்க வந்த இளைஞர்கள் இதனையே நாடினர். அவர்களுக்காக விக் எடல்பிராக் போன்றோர் சிறு பட்டறைகளில் அலுமினியத் தலைகளை வார்த்து விற்றனர். தொழிற்சாலைக்கு வெளியே தலை செய்யும் தொழில் வளர்ந்தது இப்படித்தான்.

1940களின் இறுதியில், ஸோரா, யூரா என்னும் ஆர்கஸ்-டன்டோவ் சகோதரர்கள் நியூயார்க்கில் இன்னும் துணிந்தனர். அதே ஃபோர்டு பிளாக்கின் மேல், வால்வுகளைத் தலைக்கு ஏற்றிய புதிய அலுமினியத் தலையை அமைத்தனர். குடும்பப் பெயரைச் சுருக்கி அதற்கு ‘ஆர்டன்’ என்று பெயரிட்டனர். லாரி எஞ்சின்கள் கொதிப்பதைத் தணிப்பதே அவர்கள் நோக்கம். ஆனால் விரும்பி வாங்கியவர்கள் பந்தயக்காரர்கள். ஸோரா 1953இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, கார்வெட் காரின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றார்.

1955ஆம் ஆண்டு மாடலில் செவ்ரலே தன் புதிய சிறிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. கொள்ளளவு 265 கன அங்குலம், வால்வுகள் தலையில். அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் எட் கோல். இவ்வெஞ்சினின் கொள்ளளவு பின்னர்ப் பலமுறை பெருகிற்று. தலையும் பிளாக்கும் சேரும் போல்ட் அமைப்போ பல்லாண்டுகள் அப்படியே இருந்தது. ஒரு காலத்துத் தலை வேறொரு காலத்துப் பிளாக்கில் அமரும். வெளியார் வார்க்கும் தலைகளுக்கு இத்துணைப் பெரிய சந்தை ஏற்பட்டதற்கு இதுவே முதற்காரணம்.

*

இனி இக்கதையின் இருண்ட பக்கத்திற்கு வருவோம். எரிகலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு ஆற்றல் கிடைக்கும். ஆனால் அளவு மீறி இறுக்கினால் பெட்ரோல் தாறுமாறாக எரிந்து எஞ்சின் ‘தட்டும்’. இத்தட்டலை அடக்க, ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில் தாமஸ் மிட்க்லி 1921இல் கண்ட மருந்து டெட்ரா எதில் ஈயம். அது நஞ்சு என்பது தெரியாததன்று. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்த நஞ்சேறி ஐந்து தொழிலாளர் மாண்டனர். ஆயினும் ‘எதில்’ என்ற பெயரில், ஈயம் என்ற சொல் மறைக்கப்பட்டே, அது உலகெங்கும் விற்கப்பட்டது.

1964இல் பான்டியாக் ஜிடிஓ 389 கன அங்குல எஞ்சினோடு வந்து மசில் கார்களின் காலத்தைத் தொடங்கி வைத்ததும், 1969இன் 300 குதிரைத்திறன் கமாரோ 10க்கு 1 என்பதற்கும் மேலான இறுக்க விகிதத்தோடு உறுமியதும் ஈயம் கலந்த இந்தப் பெட்ரோலை நம்பித்தான். ஈயம் வேறொரு பணியையும் செய்தது. செந்தழலாய்க் காயும் புகை வால்வு தன் இருக்கையில் ஒவ்வொரு முறை அமரும்போதும், இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துபோகாமல் மெல்லிய படலமாக இடையே நின்று காத்தது. அதனால் இருக்கையைத் தனியே கடினப்படுத்தும் தேவை பல எஞ்சின்களில் எழவில்லை.

1965இல் கிளேர் பேட்டர்சன் என்னும் புவிவேதியியலார், மனிதர் உடலிலும் சூழலிலும் ஈயம் இயற்கை அளவைவிடப் பன்மடங்கு ஏறியிருப்பதைச் சான்றுகளோடு எழுதினார். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை வலுப்படுத்தியது. அவ்வேளையில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்க வேண்டுமென்று வாதிட்ட தொழிலதிபர்களுள் முதன்மையானவர் ஜெனரல் மோட்டார்ஸின் அப்போதைய தலைவர் எட் கோல். 1955 எஞ்சினைத் தந்த அதே எட் கோல்! புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கருவியை ஈயம் பாழாக்கும் என்பதும் அவருடைய காரணங்களுள் ஒன்று. 1971 மாடல்களிலேயே இறுக்க விகிதம் தாழ்ந்தது. 1996 ஜனவரி முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் தடை செய்யப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது.

ஆகவே 1969இன் இரும்புத் தலை, இன்று எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்காத நஞ்சு ஒன்றை எதிர்பார்த்து வார்க்கப்பட்டது. இன்றைய பெட்ரோலில் நெடுந்தொலைவு விரைந்து ஓட்டினால் அதன் புகை வால்வு இருக்கை சிறிது சிறிதாகத் தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். அணிவகுப்பிற்கு மட்டும் வெளியே வரும் காருக்கு இது பெருந்தீங்கன்று. ஓடும் காருக்கு மெல்லக் கொல்லும் நோய்.

*

மருந்து இரண்டு. பழைய தலையைக் கடைந்து கடினமான எஃகு இருக்கைகளைப் பதிப்பது ஒன்று. கடின இருக்கைகளோடே வரும் புதிய அலுமினியத் தலையைப் பொருத்துவது மற்றொன்று. புதியது இரும்பின் எடையில் ஏறத்தாழ பாதி. வெப்பத்தை விரைந்து கடத்தும். மூச்சு வழிகளும் செம்மையானவை.

பொருத்துதல் பொறுமையின் வேலை. பழைய தலையைக் கழற்றும்போது புஷ் ராடுகளையும் ராக்கர்களையும் வரிசை பிசகாமல் எடுத்து வைக்க வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பில் பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்றும் எஞ்சலாகாது. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். அந்த இழுபறியைத் தாங்கும் கேஸ்கெட் வேண்டும். தலை ஒன்றுக்கு 17 போல்ட்டுகள். அவற்றுள் பல, நீர் ஓடும் அறைக்குள் இறங்குவன. மரைகளில் அடைப்புப் பசை பூசாவிடில் நீர் கசியும். அலுமினியம் மென்மையானது என்பதால் போல்ட்டின் தலைக்கடியில் கடின வாஷர் வைப்பர். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, மூன்று சுற்றுகளாக, தலையை வார்த்தவர் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். புஷ் ராடின் நீளத்தையும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் மீண்டும் அளக்க வேண்டும். பிஸ்டனின் மேல் சிறிது களிமண்ணை ஒட்டி எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த தடத்தை அறுத்து அளப்பது பழைய பட்டறை வழக்கம்.

இறுதியில் மூடி. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘டேப்பட் கவர்’ என்பது இதனைத்தான். எண்ணெய் தெறிக்காமல் காப்பதும் தூசு புகாமல் தடுப்பதுமே இதன் கடமை. இதனால் ஒரு குதிரைத்திறனும் கூடுவதில்லை. இக்கமாரோவின் மூடிக்கு நான்கு போல்ட்டுகள். மிகுதியாக இறுக்கினால் தக்கைக் கேஸ்கெட் நசுங்கி எண்ணெய் ஒழுகும். ஆனால் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது இம்மூடியே. ஆகவே வார்ப்பு அலுமினியத்தில் வரிவரியாக விலா எலும்பு போன்ற அமைப்பும், செய்தவர் பெயரும் இதில் ஏறின. பழைய தலையின்மேல் புதுமூடி மட்டும் மாட்டிப் பெருமை தேடியவர்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, அலுமினியத் தலைக்கு செவ்ரலேயின் ஆரஞ்சு நிறம் பூசி, மேலே பழைய தகட்டு மூடியையே வைத்து, மாற்றம் தெரியாமல் ஓட்டுவோரும் உண்டு.

இவ்வெஞ்சினில் தலையின் வார்ப்பு எண் மூடிக்குக் கீழேதான் பொறிக்கப்பட்டிருக்கும். வார்த்த நாளின் குறியும் அங்கேயே. மூலம் தேடுவோர் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி அந்த எண்ணைப் படிக்கின்றனர். எண் பொருந்தினால் காரின் விலை ஏறுகிறது, பொருந்தாவிடில் இறங்குகிறது. இந்த வழக்கைக் குறை கூறுவதற்கில்லை. கைபடாத கார்கள் சில எஞ்சியிருப்பதால்தான், அக்காலத்துத் தொழிலாளர் எதை எப்படிச் செய்தனர் என்பது நமக்குத் தெரிகிறது. ஆயினும் அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அந்தத் தலை எந்தக் காற்றைக் கெடுத்து உயிர் வாழ்ந்தது என்பது அதில் பொறிக்கப்படவில்லை.

நமக்கு நேர்மையாகத் தோன்றும் வழி ஒன்றுண்டு. அதனைப் பின்பற்றும் உரிமையாளர் பலரும் அந்நாட்டில் இருக்கின்றனர். கழற்றிய இரும்புத் தலைகளைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல், எண்ணெய் பூசிச் சுற்றி, கார் கைமாறும்போது அவற்றையும் உடன் கொடுத்துவிடுகின்றனர். ஏட்டைக் காத்துக்கொண்டே திருத்திய பதிப்பைப் படிப்பது போன்றது இது. கார் இன்றைய பெட்ரோலில் ஓடும்; அதன் மூலம் பெட்டிக்குள் சான்றாக உறங்கும்.