அபாத்திரர்களின் பந்தி

திருவிருந்து ஞாயிறுகளில் நம் ஆலயங்களில் வழக்கமாகிவிட்ட காட்சி ஒன்று உண்டு. பிரசங்கம் முடிந்து, போதகர் மேசைமேல் மூடியிருக்கும் வெள்ளைத் துணியை விலக்கும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து சிலர் நழுவி வெளியே போவார்கள். சிலர் தலைகுனிந்து உட்கார்ந்தே இருப்பார்கள். விசாரித்தால், “அபாத்திரமா எடுத்தா ஆக்கினை வந்துடும் ஐயா” என்பார்கள். வீட்டுச் சண்டை, தறிக்கு வாங்கிய முன்பணத்தில் சொன்ன பொய், விடமுடியாத குடி என்று ஆளுக்கொரு காரணம்.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் முதலாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரம். அதைச் சற்று மேலிருந்து வாசித்தால் பவுல் யாரைக் கடிந்துகொள்கிறார் என்பது விளங்கும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்ற சபை அது. அவரவர் தம்மைச் சோதித்தறிந்து புசிக்கட்டும் என்கிறாரே தவிர, எழுந்து போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் பேச்சை முடிக்கிறார். முந்தியவனுக்கு விழுந்த அடியைப் பின்வாங்குகிறவன் வாங்கிக்கொள்வது விசித்திரம்தான்.

1839இல் காஞ்சியில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் தாய்நாடான ஸ்காட்லாந்தும் இந்தக் கூச்சத்தை நன்றாக அறியும். அங்கே அந்நாளில் மூப்பர்கள் விசாரித்து, தகுதி கண்டவர்களுக்குச் சிறு ஈய வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் பந்தியில் இடம். வடக்கு மலைநாட்டில், ஆயுள் முழுக்க ஆலயம் வந்தும் அப்பத்தைத் தொடாமலே போன பக்தர்கள் உண்டு. எடின்பரோவில் எபிரெயம் கற்பித்த ஜான் டங்கன் (1796–1870), கிண்ணத்தை வாங்காமல் அழுத ஒரு பெண்ணிடம், இது பாவிகளுக்குத்தான் அம்மா, வாங்கிக்கொள் என்றாராம். தன் இரட்சிப்பைக் குறித்தே ஓயாமல் ஐயப்பட்டவர் அவர். உபசாரத்துக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டிலோ, தகுதியில்லை என்பதை மனச்சாட்சி மட்டும் சொல்லவில்லை, ஊரும் சொன்னது. வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பியின் கதை காஞ்சியில் யாருக்குத் தெரியாது? இராமானுசர் அவரைக் குருவாக வேண்டினார்; நம்பி தம் குலத்தைக் காட்டி மறுத்தார். அவர் உண்ட மிச்சத்தையாவது உண்போம் என்று இராமானுசர் விருந்துக்கு அழைத்தால், இராமானுசர் வீட்டில் இல்லாத நேரத்தில் நம்பி வந்து உண்டு போய்விட்டார். இராமானுசரின் மனைவி இலையை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, குளித்து, புதிதாகச் சமைத்தார். குருவாகத் தகுதியில்லை என்ற அந்த நம்பியின் வாய்வழியாகத்தான் பெருமாளின் ஆறு வார்த்தைகள் இராமானுசருக்கு வந்தன என்கிறது குருபரம்பரை.

கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. திருவிருந்தில்கூட சாதி வரிசை இருந்ததால்தான் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட வேண்டியிருந்தது. தஞ்சையில் எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பது அவருடைய பாடல்களைப் பாடி வளர்ந்தவர்களுக்குக் கசப்பான செய்தி. எனவே கூசி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆறுதல் பொருந்தாது. தன் தவற்றால் குன்றியவனுக்கு மன்னிப்புப் போதும். பிறர் சொல்லிச் சொல்லிக் குன்றியவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அடுத்த பெஞ்சில் இருக்கிறார்கள்.

ஊழியத்திலும் இதே கதை. ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று அறிவித்தால், எனக்கு என்ன தகுதி என்ற பதில் வரும். (சிலருக்கு அது நல்ல சாக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கோர்வைத் தறியில் ஒரு பக்கக் கரைக்கு நாடா ஓட்டும் துணையாள், நெசவு முழுதும் கற்ற பிறகு வந்து உட்கார்ந்தவன் அல்ல, உட்கார்ந்துதான் கற்கிறான். பேதுருவும் முதலில், நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்றுதான் சொன்னான். பிறகு மறுதலிக்கவும் செய்தான். திபேரியாக் கடற்கரையில் அவனிடம் இயேசு மறுதலித்த அந்த இரவைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் ஆடு மேய்க்கும் வேலையைக் கொடுத்தார்.