பெட்டை நாயும் பட்டிப்பூவும்

மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே சரமை என்னும் தாய் நாயின் வழக்கொன்று கூறப்படுகின்றது. சனமேசயன் வேள்வி இயற்றிய இடத்துக்குச் சென்ற அவளுடைய மகனை அரசனின் தம்பியர் அடித்துத் துரத்தினர். அவன் அவியை நோக்கவுமில்லை, நக்கவுமில்லை. குற்றமற்றவனை அடித்த காரணம் யாது என்று சரமை வேள்விச் சாலைக்கே வந்து கேட்டாள். விடை கூறுவார் எவருமிலர். வாயில்லாப் பிராணிக்காக வழக்குரைத்தல் இந்நாட்டவர்க்குப் புதிய செய்தியன்று என்பதற்கு இக்கதையே சான்றாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது. வைரவரின் ஊர்தியோ நாய். எனினும், ஆண் குட்டியை வளர்ப்பதற்கு எடுத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவரும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வாறு விடப்பட்டு வளர்ந்த நாயொன்று குருதி சொட்ட நடக்குமாயின், பருவகாலம் என்று சிலர் ஒதுங்குவர். அசுத்தம் என்று சிலர் கல்லெறிவர். அது கொடிய நோயாக இருத்தல் கூடும் என்று எண்ணுவார் மிகச் சிலரே.

அந்நோய் ஒரு புற்றுநோய். புணர்ச்சியின்போது ஒரு நாயின் புற்றணுக்கள் மற்றொன்றின் உடலில் ஒட்டி, அங்கே வேரூன்றி வளர்கின்றன. ஆணையும் பெண்ணையும் அது ஒருங்கே பற்றும். 1876 ஆம் ஆண்டில் உருசிய மிருக வைத்தியரான நொவின்ஸ்கி, இக்கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளரச் செய்து காட்டினார். உலகெங்குமுள்ள இக்கட்டிகள் யாவும் ஒரே ஆதி நாயின் அணுக்களிலிருந்து வந்தவை என்பதை 2006 இல் இலண்டன் ஆய்வாளர் நிறுவினர். 2019 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 43 நாடுகளைச் சேர்ந்த 546 கட்டிகளை ஒப்புநோக்கி, அந்த ஆதி நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவில் வாழ்ந்ததென மதிப்பிட்டது. அந்நாய் மடிந்து ஆயிரமாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அதன் நோய் மடியவில்லை.

இத்துணைப் பழைய நோய்க்கு மருந்து கிடைத்த வரலாறு வியப்புக்குரியது. 1950களிலே கனடாவில் நோபிள், பியர் என்னும் இருவர், நீரிழிவுக்கு உதவுமென்று கருதப்பட்ட பட்டிப்பூ இலையை ஆராய்ந்தனர். நீரிழிவு தணியவில்லை; ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அக்குறிப்பே புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டிற்று. அதே செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் என்னும் மருந்து 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படலாயிற்று. பின்னர் நாய்களின் இந்நோய்க்கும் அதுவே சிறந்த மருந்தாயிற்று. வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் முற்றாகக் குணமடைகின்றன. நித்தியகல்யாணி என்றும் வழங்கும் பட்டிப்பூ குடாநாட்டு முற்றங்களிலே சாதாரணமாகப் பூத்து நிற்பதுதான். ஆயின் அதன் இலையை அவித்துப் புகட்டுதல் மருத்துவமாகாது. அது நஞ்சுடைய செடி. மருந்தும் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையை அழிக்கும். ஆகவே அது மிருக வைத்தியரின் கைக்கே உரியது.

மருந்து உண்டு; நோயை இனங்காண்பதே குறை. பருவகாலக் குருதி, மிஞ்சினால் மூன்று வாரத்தில் நின்றுவிடும். அதன் பின்னரும் சொட்டுமாயின், நாய் ஓயாது நக்குமாயின், பூக்கோவாப் பூவைப் போன்ற சதை வெளித்தோன்றுமாயின், அது இப்புற்றே எனச் சந்தேகித்தல் வேண்டும். பருவகாலம் முடிந்து சில வாரங்களில் நாய் உணவை வெறுத்து, நீரை மிகுதியாகப் பருகி, வாந்தியெடுத்து, வயிறு வீங்குமாயின், அது கருப்பையில் சீழ் கட்டும் வேறொரு நோயாகலாம். சீழ் வெளிவராது உள்ளேயே தங்குவது மிகவும் ஆபத்தானது. அங்கே பொதுவாகச் சத்திரசிகிச்சையே உயிர்காக்கும், நாட்கடத்தல் கூடாது.

ஆட்சியாளரும் நாயை நெடுங்காலம் ஆபத்தாகவே கண்டனர். இலங்கையில் 1893 இல் விசர்நாய் நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை 2006 இலேயே கைவிடப்பட்டது. அக்கரையில், 1959 இல் கப்டன் சுந்தரம் சென்னையில் தொடக்கிய புளூ குறொஸ் சங்கம், கொல்லுவதை விடுத்துக் கருத்தடை செய்யுமாறு 1964 முதல் வாதாடியது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996 இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் தளராது உரைத்த வழக்கு அது. கருத்தடை செய்த பெட்டை நாய்க்குக் கருப்பைச் சீழ் நோய் வருவது மிக அரிது. புணர்ச்சி ஒழிவதால் புற்றுத் தொற்றும் வழியும் அடைபடுகின்றது.

தெருவில் குருதி சொட்ட நிற்கும் நாய்க்கு உரிமையாளர் இல்லாதிருக்கலாம். அது எத்தனை நாளாகச் சொட்டுகின்றது என்பதைக் கவனித்து, அண்மையிலுள்ள மிருக வைத்தியரிடம் சென்று கூறுவதற்கு உரிமையாளராய் இருக்க வேண்டுவதில்லை. கண்டவர் எவரும் கூறலாம்.