தகவல் தொழில்நுட்ப மேலாண்மைக் கல்வி, திருச்சிராப்பள்ளி

தகவல் தொழில்நுட்ப மேலாண்மை என்பது ஒரு நிறுவனத்தின் கணினி, வலையமைப்பு, மென்பொருள், தரவு ஆகியவற்றின் தேவையையும் செலவையும் இடரையும் கணித்து நடத்தும் துறை ஆகும். திருச்சிராப்பள்ளியில் இதனைப் பெரும்பாலும் எம்.பி.ஏ. படிப்பின் ஒரு பிரிவாகவே கற்கின்றனர். 1964 இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 2003 இல் பெயர் மாறிய தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் மேலாண்மைத் துறை 1978 முதல் உள்ளது. பாரதிதாசன் மேலாண்மைக் கழகம் 1984 இலும், இந்திய மேலாண்மைக் கழகம் 2011 இலும் நிறுவப்பட்டன.

இவ்வகை எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் தேர்வில் கணினியியல் வினாக்கள் இல்லை. ஆகவே வணிகவியல் பட்டதாரியும் பொறியாளரும் ஒரே வாயிலில் நிற்கின்றனர். மென்பொருளை உருவாக்க விரும்புவோருக்கு எம்.சி.ஏ. பொருத்தமானது. அதற்கான நிம்செட் தேர்வில் கணிதமே முதன்மை பெறுகிறது.

ஸ்ரீரங்கம் வட்டத்தில் (தீவில் அன்று, மதுரைச் சாலையில்) சேதுராப்பட்டியில் உள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013 இல் தொடங்கியது. பெயரைக் கொண்டு மயங்கலாகாது. அது பொறியியல் கல்வி நிறுவனமாகும்.