ஹீமோபிலியா: சிகிச்சை லட்சியங்களின் வளர்ச்சி

ஹீமோபிலியா என்பது, குருதி உறைவதற்கு இன்றியமையாத எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி பிறவியிலேயே குறைந்திருப்பதால் இரத்தக்கசிவு எளிதில் நிற்காத நோயாகும். பெரும்பாலும் தாய்வழியே ஆண் மக்களை வந்தடையும் இந்நோய், காரணியின் அளவு இயல்பில் 1 சதவிகிதத்துக்கும் குறைந்தவர்களிடம் கடுமையாகவும், 1 முதல் 5 சதவிகிதம் உள்ளவர்களிடம் நடுத்தரமாகவும் காணப்படும்.

முழு இரத்தமும் பிளாஸ்மாவுமன்றி மருத்துவர் கையில் வேறு சாதனம் இல்லாதிருந்த காலத்தில், உயிரைக் காப்பதே சிகிச்சையின் லட்சியமாக இருந்தது. உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் வீழ்படிவில் எட்டாவது காரணி செறிந்திருப்பதை, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜூடித் பூல் 1964-இல் வெளிப்படுத்திய பின், நேரும் கசிவை விரைந்து நிறுத்துதல் கைகூடிற்று.

ஆயினும், நின்றுபோன கசிவும் தீங்கை விட்டே செல்லும். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகியவற்றுள் கசிந்த இரத்தத்தின் இரும்புச்சத்து மூட்டின் உட்சவ்வைத் தடிக்கச் செய்ய, தடித்த சவ்வு மீண்டும் மீண்டும் கசிய, குருத்தெலும்பு அரிக்கப்பட்டு இளமையிலேயே அங்கவீனம் வந்து சேரும். நடுத்தர நோயினருக்கு இத்தகைய மூட்டழிவு அரிதாயிருத்தலை உற்றுநோக்கிய இங்கா மரீ நீல்சன் முதலிய சுவீடன் மருத்துவர்கள், மால்மோ நகரில் 1958 முதல், கடும் நோயினருக்குக் கசிவு வருமுன்னரே காரணியை ஒழுங்காகச் செலுத்தி, அதன் அளவை 1 சதவிகிதத்துக்கு மேல் நிறுத்த முயன்றனர். முன்காப்பு எனப்படும் இம்முறையின் சிறப்பை 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று ஐயமற நிறுவிற்று: ஆறு வயதில் மூட்டுப் பழுதின்றி இருந்த சிறுவர், முன்காப்புப் பெற்றோரில் 93 சதவிகிதமும், கசிவு நேர்ந்தபோது மட்டும் மருந்து பெற்றோரில் 55 சதவிகிதமும் ஆவர்.

இதற்கிடையே, 1980-களில், பலரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த காரணி மருந்துகள் வழியாக எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் ஆயிரக்கணக்கானோரைப் பீடித்த பெருந்துயரம், மருந்தின் தூய்மையையும் தலையாய லட்சியமாக்கிற்று. 1984-இல் எட்டாவது காரணியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டதன் பயனாக, 1990-களில் மரபணுப் பொறியியல் வழியாக்கிய மருந்து வந்தது.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்னும் மருந்து, எட்டாவது காரணியின் பணியைத் தானே ஏற்றுச் செய்வது; தோலடியில் வாரம் ஒருமுறையோ அதனினும் நீண்ட இடைவெளியிலோ செலுத்தப்படுவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையில் உருவான உலக ஹீமோபிலியா சம்மேளனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, முன்காப்பையே கடும் நோயினரின் முறையான சிகிச்சையாக விதித்தது. அதே வேலூரில், நோயாளியின் சொந்தக் குருதி மூல உயிரணுக்களில் எட்டாவது காரணியின் மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய ஐவருக்கு, கண்காணித்த காலத்தில் கசிவு நேரவில்லை என்பது 2024-இல் வெளியாயிற்று.

இன்று கசிவே நேராமையும், மூட்டுகளின் நலமும், கல்வி, தொழில், விளையாட்டு ஆகியவற்றில் தடையின்மையும், எந்நேரமும் நோயை எண்ணி அஞ்சாத மனநிலையும் சிகிச்சையின் லட்சியங்களாக ஏற்கப்பட்டுள்ளன. மருந்தின் விலை கைக்கெட்டாத நாடுகளில் குறைந்த அளவு முன்காப்பேனும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கப்பெறுமாயின், அங்கவீனத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆதலின், முன்காப்பை எல்லார்க்கும் எட்டச் செய்வதே எஞ்சியுள்ள தலையாய கடமையாகும்.