4 கோடி இலக்கம் கொண்ட பகா எண்... காரணி தேடாமலே உறுதி செய்தது எப்படி?

2024 அக்டோபர் 21-ம் தேதி அறிவிக்கப்பட்ட ஒரு எண்ணில் மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம்னு அச்சடித்தாலும் 13,600 பக்கங்களைத் தாண்டும். அதுவரை கண்டறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண் இதுதான். சரி, இவ்வளவு பெரிய எண்ணை வேறெதுவும் மீதியின்றி வகுக்காதுன்னு எப்படி உறுதியா சொல்றாங்க?

அது என்ன எண்?

13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். 3, 7, 31, 127 எல்லாமே இதே வகைதான். 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரில் இவை அழைக்கப்படுகின்றன. 2-ன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பே உண்டு. ஆனா அது மட்டும் போதாது. அடுக்கு 11 என்றால் 2,047 வரும். அது 23 x 89. அதனால்தான் இந்த வகை ரொம்ப அரிது. இப்போது கிடைத்தது 52-வது.

சோதனை எப்படி?

'லூகாஸ் - லெமர்' சோதனை கேட்கவே எளிமையானது. 4-ல் ஆரம்பிக்கணும். வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்கணும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே கணக்கு. அடுக்கைவிட 2 குறைவான தடவை செய்த பிறகு மீதி 0 என்றால், அது பகா எண்.

31-ஐ எடுத்துக்கோங்க. அடுக்கு 5, அதனால 3 தடவை.
முதல் தடவை: 16 - 2 = 14
இரண்டாவது: 196 - 2 = 194, மீதி 8
மூன்றாவது: 64 - 2 = 62, மீதி 0

அவ்வளவுதான்! புதிய எண்ணுக்கு இதையே 13 கோடி தடவைக்கு மேல் செய்யணும்.

கண்டுபிடித்தது யார்?

அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டுரான்ட், என்விடியா நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். 1996 முதல் இயங்கும் 'கிம்ப்ஸ்' தன்னார்வலர் திட்டத்தில் பங்கேற்றவர். அக்டோபர் 11-ல் டப்ளினில் இருந்த கிராஃபிக்ஸ் சிப் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. அது குறிப்பு மட்டுமே, நிரூபணம் அல்ல. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு சிப், லூகாஸ் - லெமர் சோதனையில் உறுதி செய்தது.

இதனால் என்ன பயன்?

வங்கிப் பரிவர்த்தனைப் பாதுகாப்புக்கு இது உதவாது. அதற்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். அவை ரகசியமாகவும் இருக்கணும். இதுவோ ஊருக்கே தெரிந்த எண்!

பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆனா மெர்சென் வகைக்கு முடிவு உண்டா என்பது இன்னும் விடை கிடைக்காத கேள்வி. ஒவ்வொரு புது எண்ணும் அதற்கான ஒரு தடயம். 10 கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 1,50,000 டாலர் பரிசும் காத்திருக்கிறது.