எட்டு மாசம்னா என்ன அர்த்தம்?

இன்னைக்கு ஒரு எண்ணோட வரலாறு.

1982 ஜூலை. அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு வயசு 40. வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். நூலகத்துல போய்ப் படிச்சா, ‘இடைநிலை ஆயுள் எட்டு மாதம்’னு இருந்தது. நம்மில் பலர் இதை ‘எட்டு மாசத்துல செத்துருவோம்’னுதான் படிப்போம். கூல்டு அப்படிப் படிக்கல.

ஏன்னு புரிய, எங்க அம்மா ஊர் புன்னக்காயலுக்கு வாங்க. தாமிரபரணி கடல்ல கலக்குற இடம். காலையில 11 வள்ளம் கடலுக்குப் போகுதுன்னு வச்சுக்கோங்க. ஆறாவது வள்ளம் மதியம் 12 மணிக்குக் கரைக்கு வருது. அதுதான் இடைநிலை. மிச்சம் அஞ்சு வள்ளம் எப்ப வரும்? ஒண்ணு ஒரு மணிக்கு வரலாம், இன்னொண்ணு மறுநாள் வரலாம். அந்த 12 மணி அதைப் பத்தி எதுவும் சொல்லாது. கூல்டு தன் வயசு, நோயின் நிலை, கிடைச்ச சிகிச்சை எல்லாத்தையும் பார்த்து, தான் அந்த நீளமான வால் பகுதியில இருக்க வாய்ப்பு உண்டுன்னு கணக்குப் போட்டார். 1985ல இதைக் கட்டுரையா எழுதினார். 2002ல வேறொரு புற்றுநோயில் இறந்தார். நடுவுல 20 வருஷம்.

புன்னக்காயல்ல 16ஆம் நூற்றாண்டுலேயே அண்டிரிக் அடிகளார் மருத்துவமனை நடத்தினார். மருத்துவமனை அவ்வளவு பழசு. ஆனா நோயாளிகள் எத்தனை வருஷம் வாழ்ந்தாங்கன்னு பின்தொடர்ந்து எண்ணுறது ரொம்பப் புதுசு. எண்ணி முடிக்கும்போது இன்னும் கடல்ல இருக்குற வள்ளத்தை எப்படிக் கணக்குல சேர்க்கிறது? அதுக்கான வழியை காப்லனும் மையரும் 1958ல கொடுத்தாங்க. அதே 1982ல சென்னையில மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிச்சு. நோயாளிகளின் நிலையை அறிய ஊழியர்கள் வீடு தேடிப் போனாங்க.

இங்க இன்னொரு விஷயம். அஞ்சு வருஷப் பிழைப்பு விகிதம் பெரும்பாலும் பழைய போட்டோ. பல வருஷம் முன்னாடி நோய் கண்டவங்களோட கதை அது. குழந்தைகளுக்கு வர்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய்ல பிழைச்சவங்க ஒரு காலத்துல 20 சதவீதத்துக்கும் கீழ. சென்னை, மும்பை, டெல்லி மையங்கள் புது சிகிச்சைமுறைக்கு மாறின பிறகு அது பாதியை ஒட்டி வந்துச்சு. பழைய எண்ணை மட்டும் பார்த்த பெற்றோர் என்ன நினைச்சிருப்பாங்க?

போன வருஷம் எங்க பெரியம்மா கையில ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு, “எனக்கு எத்தனை சதவீதம்டா?”ன்னு கேட்டாங்க. சதவீதம் ஒரு கூட்டத்துக்கு உண்டு, ஒரு ஆளுக்குக் கிடையாது. அதுக்காக அது பொய்யும் இல்ல. அந்த எட்டு மாசத்துக்குள்ள பாதிப் பேர் நிஜமாவே போனாங்க. அதனால டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: இது எந்த வருஷத்து நோயாளிகளோட கணக்கு? எந்த நிலையில வந்தவங்க? முழுசா சிகிச்சை எடுத்தவங்களா? பெரியம்மா மூணையும் ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கிட்டாங்க.